முதுகில்லாத அங்கி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். உதயகேசரி என்று பெயர். நல்ல மனிதர். அறிவு, இரக்கம், முன்கோபம் எல்லாம் ஒரு ராஜாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருந்தது. தோள் மட்டும் இல்லை. கூஜாவின் கழுத்து வயிற்றில் இறங்குவதுபோல அவருடைய கழுத்து நேராகக் கையில் இறங்கியது. பட்டு அங்கவஸ்திரம் போட்டால் இந்தப் பக்கம் வழுக்கும். இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் வழுக்கும். அதை எடுத்து எடுத்துப் போடுவதற்கென்றே அரண்மனையில் ஓர் ஆள் இருந்தான். பாவம், அவனுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது.

காலையில் புலவர்கள் வந்து, "மலையை நிகர்த்த தோளுடைய மன்னா!" என்று பாடுவார்கள். அந்த அடி வரும்போது மட்டும் சபையில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். ராஜாவும் கூரையைத்தான் பார்ப்பார். பிறகு பரிசைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஒருநாள் கோயிலில் திருவிழா. உற்சவருக்குத் திருமஞ்சனம் நடக்கும்போது ராஜா பக்கத்தில் நின்று பார்த்தார். சின்னஞ்சிறிய செப்புத் திருமேனி. திரை போட்டார்கள். அலங்காரம் முடிந்து திரை விலகியதும் ராஜாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. அதே சாமி, இப்போது மண்டபம் கொள்ளாத தோளோடு நிற்கிறார்! இரண்டு பக்கமும் பட்டு விம்மி எழுந்து, நுனியில் யாளியின் துதிக்கையைப் போலச் சுருண்டு நிற்கிறது. ராஜா கும்பிட மறந்து, வாயைப் பிளந்துகொண்டு அந்தத் தோளையே பார்த்தார்.

மறுநாள் சபையில் உத்தரவு பிறந்தது.

"எம் பிறந்த நட்சத்திரத்தன்று நகர்வலம் போகும்போது, சாமிக்கு இருப்பதைப் போன்ற தோள் எமக்கு இருக்க வேண்டும்."

ஆடையணி அதிகாரி பூவராகர் முன்னால் வந்து, "அடியேன் இருக்கக் கவலை எதற்கு, பிரபு?" என்றார். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை எடுத்து அங்கிக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காலையில் தோள் நன்றாகத்தான் இருந்தது. மதியத்துக்குள் தலையணைகள் இரண்டும் வழுக்கி வயிற்றுக்கு வந்துவிட்டன. வணங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "மகாராஜாவுக்கு அஜீரணமோ?" என்று அரண்மனை வைத்தியரிடம் கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சபையின் விகடர் தோணியப்பன். எல்லோரும் கூரையைப் பார்க்கும்போது ராஜாவின் முகத்தைப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னார்: "பிரபு, சாமியின் தோள் வேண்டுமானால் சாமிக்குத் தைப்பவனை அல்லவா கேட்க வேண்டும்? தெற்கு வீதியில் வடமலை என்று ஒருவன் இருக்கிறான். கோயில் உடுப்பெல்லாம் அவன் கைவேலைதான்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. பூவராகரின் முகம் சுண்டிப்போனது. உடை விஷயத்தில்கூட இந்தக் கோமாளி மூக்கை நுழைக்கிறானே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

வடமலை வந்தான். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, காதில் ஊசி. சாமியைத் தவிர மனிதருக்கு ஒரு கோவணம்கூட அவன் தைத்ததில்லை. ராஜாவைச் சுற்றிச் சுற்றி வந்து நூலால் அளந்தான்.

"ஆடாதீங்க சாமி. எங்க சாமியெல்லாம் இப்படி நெளியாது."

சபையே நடுங்கியது. ராஜாவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். கடவுளோடு தன்னை ஒப்பிட்டுத் திட்டுகிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை. அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வடமலை மூங்கிலைச் சிம்பாகச் சீவினான். அனலில் காட்டி வளைத்தான். காடாத் துணியைப் புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து, மடிப்பு மடிப்பாக அந்த மூங்கில் கூட்டின் மேல் ஒட்டி வெயிலில் காயவைத்தான். தட்டினால் பலகைபோலச் சத்தம் வந்தது. அதன்மேல் மாதுளம்பூ நிறப் பட்டு, விளிம்பெல்லாம் சரிகை. தோள் காதுவரைக்கும் எழுந்து, அங்கிருந்து வெளியே பாய்ந்து, நுனியில் சுருண்டு நின்றது. ஒரு புறாக்கூட்டமே உட்காரலாம். அப்படி ஒரு தோளை அந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நகர்வலத்துக்கு முந்தின நாள் ராஜா அதைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்ன கம்பீரம்! அதுவும் என்ன காற்றோட்டம்! நம் ஊர் வெயிலுக்கு இதைவிடத் தோதான உடை உண்டா?" என்று பூரித்தார்.

காற்றோட்டம் எங்கிருந்து வருகிறது என்று உடுத்திவிட்ட பணியாளர்களுக்குத் தெரியும். அவர்களுடைய அதிகாரி பூவராகருக்கும் தெரியும். அவர் உதட்டில் விரலை வைத்து அவர்களை அடக்கிவிட்டார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் முதுகை நோக்கி ஒருவரும் நிற்கக் கூடாது. எந்தக் காலத்திலோ எந்தப் பாட்டனாருக்கோ முதுகில் கத்தி விழுந்ததாம்; அன்று வந்த விதி. ராஜா எழுந்து உள்ளே போகும்போது சபையினர் தலையைத் தரையில் வைத்து வணங்குவார்கள். சங்கு ஊதிய பிறகுதான் நிமிர்வார்கள்.

அன்று ராஜா புதுத் தோளோடு சபைக்கு வந்தார். ஒரே ஆரவாரம். புலவர்கள் முதல்முறையாகத் தோளைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். சபை கலைந்தது, ராஜா எழுந்து திரும்பினார், எல்லோரும் குனிந்தார்கள். அப்போது பூவராகர் குரல் கொடுத்தார்.

"ஐயோ, அபசாரம்! அரசர் முதுகு!"

குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. அங்கிக்குப் பின்பக்கமே இல்லை. ராஜாவின் வெறும் முதுகு, அதன் குறுக்கே இழுத்துக் கட்டிய நாடாக்கள், நடுவில் ஒரு மச்சம். அவ்வளவுதான்.

ராஜா தடவிப் பார்த்தார். முகம் அங்கியைவிடச் சிவந்தது. வடமலையை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"அடே, பின்பக்கம் எங்கே?"

வடமலை திருதிருவென்று விழித்தான். "பின்பக்கமா? சாமிக்கு ஏது சாமி பின்பக்கம்? முன்னால மட்டுந்தான் தைக்கிறது. பின்னால நாடாவ இழுத்துக் கட்டிடுவாங்க. சாமிக்குப் பின்னால போயி யாரு எட்டிப் பாக்கப் போறா?"

கோபத்துக்கு நடுவிலும் ராஜாவுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. சாமிக்குத் தைத்ததுபோலவே தைத்திருக்கிறானே! "சரி, விடிவதற்குள் பின்பக்கம் வைத்துத் தைத்துவிடு," என்றார்.

"முடியாதுங்க. நாடா இழுக்கிற இழுப்புலதான் தோளு நிக்குது. பின்னால துணி வெச்சா இழுப்பு போயிடும். தோளு ரெண்டும் மழையில நனஞ்ச கோழி மாதிரி தொங்கிடும்."

ராஜாவுக்கு அந்தத் தோளை விட மனசில்லை. வெறும் முதுகோடு ஊருக்குள் போகவும் முடியாது. இந்த இடத்தில்தான் பூவராகர் தம் வலையை விரித்தார்.

"பிரபு, இவனைக் கொண்டுவந்தவர் தோணியப்பர். வழி சொல்ல வேண்டியவரும் அவரே. நாளை நகர்வலத்தில் தோள் ஒரு நூலளவும் சாயக் கூடாது. அரசர் முதுகை ஒருவர் கண்ணும் காணக் கூடாது. அந்தத் தோள் அம்பாரிக்குள் நுழையாது, ஆகவே திறந்த ஆசனம்தான். துணி, திரை, தட்டி, பலகை என்று எந்தப் பொருளாலும் முதுகை மறைக்கலாகாது. மறைத்தால், மறைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று ஊர் பேசும்."

கோபத்தில் இருக்கும் ராஜாவுக்கு இதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. "அப்படியே ஆகட்டும். தவறினால் நாளைச் சூரியன் மறைவதற்குள் தையற்காரன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும். தோணியப்பா, நீயும்தான்."

"எந்தப் பொருளும் கூடாது. அவ்வளவுதானே, பூவராகரே?" என்று கேட்டார் தோணியப்பன்.

"எந்தப் பொருளும் கூடாது," என்று அழுத்திச் சொன்னார் பூவராகர்.

தோணியப்பன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. தான் ஊரைவிட்டுப் போவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வாய் இருக்கிறவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான். வடமலையின் மனைவி கோமளம் நிறைமாதக் கர்ப்பிணி. அவளை நினைத்துத்தான் கவலை.

சாயங்காலம் தெற்கு வீதிக்குப் போனார். கோமளத்துக்குச் செய்தி எட்டியிருந்தது.

"ஏன்யா, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் எல்லை தாண்டணுமா? நடுவழியில வலி வந்தா, எந்தப் புளியமரத்தடியில படுக்கிறது?" என்று தோணியப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

வடமலை தலையைக் குனிந்து, கோயில் உடுப்பு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். கவலை வந்தால் அவனுக்குத் தைக்கத்தான் தெரியும். கோமளம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் முதுகில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "அப்பாடா," என்று கண்ணை மூடினாள். இவன் இந்தப் பக்கம் பார்த்துத் தைக்க, அவள் அந்தப் பக்கம் பார்த்து இளைப்பாறினாள். நிறைமாதத்தில் தினமும் நடக்கிற காரியம்தான்.

தோணியப்பன் அவர்களைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இன்னொருமுறை நடந்தார். பிறகு துள்ளிக் குதித்தார்.

"வடமலை! அதே மாதிரி இன்னோர் அங்கி தை. அதே பட்டு, அதே தோள். அதற்கும் முதுகு வைத்துவிடாதே. வெயிலுக்குக் காத்திராதே, அடுப்பனலில் காயவை. எடு நூலை, என்னை அள!"

மறுநாள் அரண்மனை மாடியை ஒட்டிப் பட்டத்து யானை நின்றது. ராஜா அங்கியைப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, பல்லி நகர்வதுபோல நகர்ந்து வந்து ஆசனத்தில் ஏறினார். பின்னாலேயே தோணியப்பன் ஏறி, ராஜாவின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு யானையின் வாலைப் பார்த்து உட்கார்ந்தார். அவர்மேலும் அதே மாதுளம்பூப் பட்டு, அதே சுருண்ட தோள். வடமலை ராஜாவின் நாடாக்களை விகடரின் நாடாக்களோடு சேர்த்து, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். நான்கு தோளும் விறைத்து நின்றன.

பூவராகர் ஓடிவந்தார். "இது அடாது! எந்தப் பொருளாலும் மறைக்கலாகாது என்பது உத்தரவு!"

"நான் பொருளா, பூவராகரே? என்னை ஒரு பொருட்டாக நீர் மதிப்பது இன்றுதான்," என்றார் தோணியப்பன்.

"அரசர் முதுகை நோக்கி ஒருவரும் இருக்கலாகாது என்பது முன்னோர் விதி!"

"என் மூஞ்சி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பாரும்."

ராஜா முன்பக்கத்திலிருந்து, "விதி எதுவும் மீறவில்லையே, பூவராகரே?" என்றார். குரலில் கோபம் தணிந்திருந்தது. "நீர் யானைக்குப் பின்னாலேயே நடந்து வாரும். எம் முதுகு தெரிகிறதா என்று நீரே பார்த்துச் சொல்லும்."

இதில் ஒரு சிக்கல். ராஜ உடையைக் கண்டால் கை கூப்ப வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். பின்னால் நடக்கிற பூவராகரின் கண்முன்னே எப்போதும் ராஜ உடைதான், அதற்குள் தோணியப்பன். ஆகவே அவர் தெரு முழுக்கக் கூப்பிய கையை இறக்காமல் நடந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட ஓட்ட முடியவில்லை. தோணியப்பன் மட்டும் அவ்வப்போது கையைத் தூக்கி அவரை ஆசீர்வதித்தார்.

ஊர் திணறிப்போனது. முன்னால் நின்றவர்களுக்கு மலைத்தோள் மன்னர். யானை கடந்ததும் மறுபடி ஒரு மலைத்தோள், அதன் நடுவில் விகடர் கண்ணடிக்கிறார்! பெண்கள் மாடியில் நின்று சிரித்தார்கள். கிழவர்கள் வெற்றிலையைத் துப்ப மறந்தார்கள்.

"பின்னால் என்ன சத்தம்?" என்று ராஜா கேட்டார். எத்தனையோ நகர்வலம் போயிருக்கிறார். தாம் கடந்துபோன பிறகு தெருவில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் எப்போதும் அம்பாரித் திரைதான்.

"விழுந்து கும்பிட்டவர்கள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்கிறார்கள், பிரபு. பூக்காரி ஒருத்தி, 'ராசா எளச்சுட்டாரு, தோளு மட்டும் நல்லா வந்திருக்கு' என்கிறாள். ஒரு குழந்தை இரண்டு முறத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உங்களைப் போல நடக்கிறது."

"என்னைப் போலவா?"

"அச்சு அசல், பிரபு. கொஞ்சம் கூடுதல் கம்பீரம்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரிக்க, ஒட்டியிருந்த முதுகு வழியாக விகடரும் குலுங்கினார். யானை என்னவோ ஏதோ என்று காதை விரித்து நின்றுவிட்டது.

அரண்மனைக்குத் திரும்பியதும் ராஜா கேட்டார்: "பூவராகரே, எம் முதுகைக் கண்டீரா?"

கை மரத்துப்போய் நின்ற பூவராகர், "இல்லை, பிரபு," என்றார்.

"நேற்று மட்டும் கண்டீர். சபையே குனிந்திருந்தபோது உமக்கு எப்படித் தெரிந்தது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன்."

பூவராகர் கூரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒரே கூச்சல். தெற்கு வீதியிலிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"வடமலை! ஏ வடமலை! கோமளத்துக்கு வலி வந்திருச்சு!"

மாடியில் காத்திருந்த வடமலை ராஜாவைப் பார்த்தான். "சாமி... நாட்ட விட்டு..."

"நாட்டை விட்டா? வீட்டுக்குப் போடா, முட்டாளே! ஓடு!" என்று ராஜா கத்தினார்.

அவன் பறந்தான். அவன் தெரு முனை தாண்டிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. முடிச்சை யார் அவிழ்ப்பது? பணியாளர்கள் கைவைத்துப் பார்த்தார்கள். தேர் அசைந்தாலும் அவிழாத கோயில் முடிச்சு; இழுக்க இழுக்க இறுகியது. பூவராகர் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார்.

"வெட்ட வேண்டாம்," என்றார் ராஜா. "வெட்டினால் தோள் விழுந்துவிடும். கட்டினவன் வந்து அவிழ்க்கட்டும். முதலில் அவன் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். அரண்மனை மருத்துவச்சியை உடனே தெற்கு வீதிக்கு அனுப்புங்கள்."

அப்புறம் நடந்ததை அந்த அரண்மனைக்காரர்கள் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள். ராஜாவும் விகடரும் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து யானையிலிருந்து மாடிக்கு வந்தார்கள். ராஜா ஜன்னல் பக்கம் போக நினைத்தால் விகடர் சுவர் பக்கம் போனார். சாப்பாட்டுக்கு இரண்டு இலை போட்டார்கள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்கு இலைக்குப் பாயசம் முதலில் வந்துவிட்டது என்று கிழக்கிலிருந்து புகார் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ராஜா பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தோணியப்பா, நினைவு தெரிந்து என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இருந்ததில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். சாய்ந்துகொள்ள நன்றாக இருக்கிறது."

"எனக்குத்தான் பாரம், பிரபு," என்றார் தோணியப்பன்.

ராஜா சிரித்துக்கொண்டே விரலிலிருந்த மாணிக்க மோதிரத்தைக் கழற்றினார். பின்னால் நீட்டினார். தோள் இடித்தது. மேலே தூக்கிக் கொடுக்கப் பார்த்தார், அங்கேயும் தோள். கீழ்வழியாக நீட்டிப் பார்த்தார். அகன்ற தோளைச் சுற்றிக்கொண்டு கை எட்டவே இல்லை. கடைசியில், "பூவராகரே, இங்கே வாரும். இதை எம் முன்பக்கத்திலிருந்து எம் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடும்," என்றார்.

பூவராகர் மோதிரத்தை வாங்கி, அந்தப் பெரிய தோள்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், ராஜ உடைக்கு முன்னால் கை கூப்பிக் குனிந்து கொடுத்தார். "தீர்க்காயுசு," என்று வாழ்த்தினார் தோணியப்பன்.

அந்தச் சமயத்தில் வடமலை மூச்சிரைக்க ஓடிவந்தான். கண், மூக்கு, வாய் எல்லாம் சிரிப்பு. "பொண்ணு, சாமி! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" என்று கத்தினான். ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "குழந்தைக்கு," என்று அவன் கையில் வைத்தார். இனி கோயிலுக்கும் அரண்மனைக்கும் தையல் வேலை வடமலைக்கே என்று உத்தரவும் போட்டார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

வடமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சில் கை வைத்தான். ராஜா கையை உயர்த்தி அவனைத் தடுத்தார்.

"அவசரப்படாதே. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டு ஏனோ அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகம் தோணியப்பனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு விகடரின் முதுகில் தெரிந்தது.